பீரோவில் ஒளித்து வைத்த தபால்

கண்ணம்மா,

அப்பா உன்னிடம் சொல்லவேண்டாம் என்றார், அதனால்தான் போன் பண்ணாமல் எழுதுகிறேன். நேற்று முன்தினம் இத்தாலியிலிருந்து அவர் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் என்னிடம் காட்டாமல் பீரோவில் பாஸ்புக்குகளுக்கு அடியில் வைத்துவிட்டார். பீரோ சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டாமா?

அபராதம்தான். மே மாதம் போனபோது ஏதோ ஒரு மலையூரில், வெளிவண்டி நுழையக்கூடாத பழைய தெருவுக்குள் காரை விட்டிருக்கிறார். எந்த ஊர் என்று எழுதமாட்டேன், எனக்குப் பிடித்த ஊர் அது. நீ படித்துப் படித்துச் சொன்னாய், சிவப்பு வட்டம் போட்ட போர்டு இருக்கும், இசட் டி எல் என்று எழுதியிருக்கும், யாரும் வழிமறிக்கமாட்டார்கள், கேமரா பிடித்து மாசக்கணக்கில் கழித்துத் தபால் வரும் என்று. அப்படியே நடந்தது. மேப் திரும்பச் சொன்னது, இவர் திரும்பினார். பின்சீட்டில் நானும் பெரியம்மாவும் போர்டு, போர்டு என்று கத்தினோம், வலதுபக்கமாக ஓட்டுவதே பெரும்பாடாக இருந்த மனுஷனுக்கு அது எங்கே கேட்கும்! ஒரு பூந்தொட்டிக்கும் சர்ச் சுவருக்கும் நடுவில் போய் நின்றோம். காபிக்கடையிலிருந்து ஒரு பாட்டி வந்து, வாயே திறக்காமல், இரண்டு கையாலும் சைகை காட்டியே ரிவர்ஸ் எடுக்கவைத்தாள்.

ஆகஸ்டில் கார் வாடகைக்காரர்கள் அவர் கார்டில் கொஞ்சம் யூரோ பிடித்தார்களே, பேங்க் தப்பு என்று அடித்துச் சொன்னாரே, அது நம் விலாசத்தை அந்த ஊருக்குக் கொடுத்ததற்கான கட்டணமாம். அபராதம் தனி.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால், பியென்ஸா கதையைச் சொல்கிறார். அந்த ஊருக்கு முதலில் கொர்சிஞ்ஞானோ என்று பெயர், சாதாரணக் கிராமம். அங்கே பிறந்த ஒருவர் 1458இல் இரண்டாம் பியுஸ் என்ற பெயரில் போப் ஆனார். ஆனதும் சொந்த ஊரைப் புதிதாகக் கட்டு என்று ரோஸெல்லீனோ என்ற கட்டடக்காரரிடம் ஒப்படைத்தார். மூன்று நான்கு வருஷத்தில் கோயிலும் அரண்மனையும் சதுக்கமும் எழுந்துவிட்டன, செலவு மட்டும் சொன்ன கணக்கை எங்கோ தாண்டிவிட்டது, அவர் அதை மூச்சுவிடவில்லை. போப் வந்து பார்த்தார். நீ உண்மையைச் சொல்லியிருந்தால் இதைக் கட்டவே விட்டிருக்கமாட்டேன், பொய் சொன்னதே நல்லது என்று பாராட்டி, நூறு டுகட் காசும் சிவப்பு அங்கியும் கொடுத்தார். அங்கே நின்று நான்தான் கைடு புத்தகத்தைப் பார்த்து இதை அப்பாவுக்குச் சொன்னேன். இப்போது என் மேலேயே திருப்புகிறார். இவர் என்ன கோயிலா கட்டினார்?

அந்தக் கோயிலும் பின்பக்கம் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, தெரியுமா. உள்ளே நடந்தால் பலிபீடத்தை நோக்கித் தரை சரிவதைக் காலே சொல்லும். பக்கத்திலேயே காதல் தெரு, முத்தத் தெரு என்று இரண்டு சந்து. போட்டோ எடுக்கலாம் என்றால் பெரியப்பா முன்னால் அப்பா வரவே மாட்டேன் என்றுவிட்டார்.

ஒர்வியேத்தோவில் கிணறு பார்த்தோம். 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது ஏழாம் கிளெமென்ட் போப் இந்த ஊருக்குத் தப்பி வந்தார், முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற பயத்தில் வெட்டச் சொன்னது. 53 மீட்டர் ஆழம். ஒன்றையொன்று தொடாமல் பின்னிச் சுற்றும் இரண்டு படிவழிகள், ஒவ்வொன்றிலும் 248 படி. தண்ணீர் எடுக்க ஒரு வழியாக இறங்கும் கழுதை இன்னொரு வழியாக ஏறிவிடும், எதிரும் புதிருமாக முட்டிக்கொள்ளாது. எனக்கு நம் திருவெள்ளறை ஸ்வஸ்திகாக் கிணறு ஞாபகம் வந்தது, ஒரு படித்துறையில் இருப்பவர் இன்னொரு படித்துறைக்காரர் கண்ணில் படமாட்டார் இல்லையா, அதே மாதிரி யோசனை. அப்பா முழங்காலைக் காட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார், பெரியம்மாவும் நானும் இறங்கினோம். இறங்குவதற்கென்ன, ஏறும்போது ஜன்னலுக்கு ஜன்னல் நின்றோம். எதிர்ச்சுற்றில் ஒரு சின்னப் பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஜன்னலிலும் அவள் முகம் வந்து கையாட்டிவிட்டுப் போனது.

வீட்டைப் பற்றிச் சொல்லவே இல்லை. நீ தேர்ந்தெடுத்த வீடு, குறையே கிடையாது. வெள்ளை மண்சாலைதான் கொஞ்சம் பேஜார், கார் முழுக்க மாவு மில்லில் நிறுத்தியது போல ஆகிவிடும். கோதுமை வயலில் சிவப்பாகப் பாப்பி பூத்துக் கிடந்தது. அந்தப் பக்கத்து ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள், முதல் நாள் கடைக்காரர் மறந்துவிட்டார் என்றே நினைத்தேன், தக்காளித் தொக்கு காப்பாற்றியது. கடையெல்லாம் மத்தியானம் சாத்திவிடுவார்கள், அதனால் காலையில் ஒரே ஒரு ஊர், ஒரு மணிக்குள் வீடு, சாப்பாடு, தூக்கம் என்று வைத்துக்கொண்டோம். ஒரு நாள் மட்டும் பெரியப்பா பேச்சைக் கேட்டு மூன்று ஊர் பார்த்தோம், மூன்றும் ஒரே மாதிரி மதில், ஒரே மாதிரி படி என்று குழம்பிவிட்டது.

உனக்கென்று எடுத்த அறை கிழக்குப் பார்த்தது. லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்ன பிறகும் அதில் யாரும் படுக்கவில்லை, துணி மட்டும் காயப்போட்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையுமாம், இரண்டு நாள் போய்விட்டது. தாளைப் போட்டோ எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். நீ கட்டிவிடு, நான் உனக்குப் போட்டுவிடுகிறேன். கூப்பிடுவதென்றால் ஒன்பதரைக்கு மேல் கூப்பிடு, அதற்குள் அவர் தூங்கியிருப்பார்.

அம்மா