ராணியும் டச்சிங் பென்சிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடகி பியான்சேயையும் இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தையும் ஒப்பிட்டுச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஒரு பக்கம், 2013ல் பியான்சே தன் உலகச் சுற்றுப்பயணத்துக்காகப் பழைய ஐரோப்பிய அரசி கோலத்தில் எடுத்துக்கொண்ட விளம்பரப் படம். எதிர்ப்பக்கம், 1588ல் ஸ்பெயினின் கப்பற்படை தோற்றதைக் கொண்டாடி வரையப்பட்ட எலிசபெத்தின் ஓவியம். உடுப்பும் நகையும் தோரணையும் ஒத்துப்போகின்றன, ஆகவே இவர்தான் நம் காலத்து எலிசபெத் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர்.

வேடத்தை வைத்து அவ்வளவு தூரம் போகலாமா? ராஜபார்ட் உடையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். இருவருக்கும் ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைத் துணியில் தேடிப் பயனில்லை. தன் முகம் எந்தப் படத்தில் எப்படி வெளியே போக வேண்டும் என்பதை இருவருமே பிறர் கையில் விட மறுத்தார்கள். கட்டுரை அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. டிஜிட்டல் கேமரா வருவதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தவன் நான். நெகட்டிவின் அடியில் வெளிச்சம் கொடுத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் கண்ணுக்குக் கீழேயும் வாயோரத்திலும் மெல்ல மெல்லத் தீற்றுவோம். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுத்து வரும், சுருக்கம் மறைந்துவிடும். கொஞ்சம் அதிகமாகப் போனாலும் முகம் பிசைந்த மாவு மாதிரி ஆகிவிடும். எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் தொழில்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் எலிசபெத்தின் படங்கள் பலவற்றில் எனக்கு முதலில் தட்டுப்படுவது நிழல் இல்லாததுதான். மூக்கின் பக்கத்தில் கிடையாது, கன்னத்துக் குழியில் கிடையாது. இது தற்செயல் இல்லை. அவரைச் சிற்றோவியங்களாகத் தீட்டிய நிக்கோலஸ் ஹில்லியார்டு இதைப் பற்றி எழுதியே வைத்திருக்கிறார்: படத்துக்கு உட்கார அரசி தேர்ந்தெடுத்த இடம், பக்கத்தில் மரமோ நிழலோ இல்லாத திறந்த தோட்டத்துப் பாதை. எங்கள் பாஷையில் இது ஃப்ளாட் லைட்டிங். எந்தப் பக்கமும் நிழல் விழாவிட்டால் சுருக்கமும் தெரியாது. லைட்டிங் புரிந்த அரசி என்று தெரிந்ததும் எனக்கு அவர் மேல் ஒரு தொழில் பாசமே வந்துவிட்டது.

நல்ல வெளிச்சத்தோடு அவர் விட்டுவிடவில்லை. 1563லேயே, முப்பது வயதை ஒட்டி, இதற்கென ஓர் அரசாணையின் வரைவு தயாராயிற்று. கண்டவர்களும் அரசியின் முகத்தை வரைந்து கெடுக்கிறார்கள், தேர்ந்த ஓவியர் ஒருவர் சரியான மாதிரி ஒன்றைத் தரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது, அப்புறம் வேண்டுமானால் அதைப் பார்த்துப் படியெடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். 1596ல் அரசியின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சில் இன்னும் ஒரு படி மேலே போய், அரசிக்கு மனக்கசப்பு தரும் படங்களைத் தேடிப் பிடித்து அழிக்கச் சொன்னது. மட்டமான ஓவியர்கள் வரைந்த அரசியின் படங்கள் உடைக்கப்பட்டு நெருப்பில் போடப்பட்டதாக அவர் அவையில் இருந்த வால்ட்டர் ராலே பின்னாளில் எழுதினார்.

நமக்கு இது புதுசு இல்லை. சோழர் கல்வெட்டுகளின் தலைப்பில் வரும் மெய்க்கீர்த்தியை நினைத்துப் பாருங்கள். அரசனின் வெற்றிகளை எந்த வார்த்தைகளில் பாட வேண்டும் என்று ஒரு வாசகம் தயாராகும். ஊர் ஊராகக் கோயில் சுவர்களில் அதே வாசகம் ஏறும். புது வெற்றி கிடைத்தால் வாசகம் நீளும். ராஜராஜன் வார்த்தையில் செய்ததை எலிசபெத் முகத்தில் செய்தார்.

அப்படி அச்சாகிவிட்ட முகம் கடைசிவரை வயதாகவே இல்லை. 1600ஐ ஒட்டி வரையப்பட்ட வானவில் ஓவியத்தைப் பாருங்கள். மேலாடை முழுக்கக் கண்களும் காதுகளும். கையில் ஒரு வானவில். சூரியன் இல்லாமல் வானவில் இல்லை என்று லத்தீனில் ஒரு வரி. அரசிக்கு அப்போது வயது அறுபத்தைந்துக்கு மேல். படத்தில் இருப்பவளுக்கு இருபத்தைந்து இருக்கலாம். அதற்குச் சில வருடம் முன்பு, 1597ல் அவரை நேரில் சந்தித்த பிரெஞ்சுத் தூதர் டி மைஸ் வேறு விதமாக எழுதுகிறார்: முகம் நீண்டு மெலிந்து மூப்படைந்திருக்கிறது, பற்கள் மஞ்சளாகி, இடது பக்கம் பல விழுந்துபோய், அவர் வேகமாகப் பேசினால் புரிவது கஷ்டம்.

வயதான ஒரு பெண்ணைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. வாரிசு இல்லாத அரசிக்கு முதுமை என்பது அரசியல் செய்தி. அடுத்து யார் என்ற கேள்வியை விடாமல் கிளப்பிய பீட்டர் வென்ட்வொர்த் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1593ல் லண்டன் டவரில் அடைக்கப்பட்டு அங்கேயே இறந்தார். படத்தில் ஒரு சுருக்கம் விழுந்தால் அந்தக் கேள்வி நாடு முழுக்கக் கிளம்பும். என்னிடம் வந்தவர்களுக்கு டச்சிங் ஓர் ஆசை. அந்த அம்மாளுக்கோ அது ராஜாங்கக் காரியம்.

சரி, பியான்சேக்கு வருவோம். 2013 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின் இடைவேளையில் அவர் மேடையேறினார். பஸ்ஃபீட் தளம் வெளியிட்ட படங்களில் சிலவற்றில், ஆடுகிற வேகத்தில் அவர் முகம் கோணிப்போயிருந்தது. அவற்றை எடுத்துவிடச் சொல்லி அவருடைய மக்கள் தொடர்பாளர் மின்னஞ்சல் அனுப்ப, அந்தத் தளம் மின்னஞ்சலையே பிரசுரித்துவிட்டது. அவ்வளவுதான், கோணிய முகங்கள் மீம்களாகி உலகத்தைச் சுற்றின. ஏப்ரலில் பெல்கிரேடில் சுற்றுப்பயணம் தொடங்கியபோது பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர் தரப்பு பொறுக்கித் தரும் படங்களைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

நீங்கள் அச்சிட்டிருக்கும் அரசி கோலம் அதே சுற்றுப்பயணத்தின் விளம்பரம்தான்! உடுப்பின் மடிப்புகளை எண்ணிய கட்டுரையாளர் கண்ணில் இது படாமல் போனது எனக்கு ஆச்சரியம். 1563ன் வரைவையும் 2013ன் நிபந்தனையையும் அருகருகே வைத்துப் படித்தால் எழுதியது ஒரே ஆளோ என்று தோன்றும். 2015 செப்டம்பரில் வோக் இதழின் அட்டையில் வந்தபோதோ, அவர் பேட்டியே கொடுக்கவில்லை. முகம் மட்டும்தான் கிடைத்தது.

ஆனாலும் ஓரிடத்தில் கட்டுரை இந்த நட்சத்திரங்களின் கெடுபிடியைச் 'சர்வாதிகாரம்' என்கிறது. அங்கே எனக்கு உடன்பாடு இல்லை. எலிசபெத் பிரெஞ்சு இளவரசர் அஞ்சூ கோமகனை மணக்கக் கூடாது என்று 1579ல் ஜான் ஸ்டப்ஸ் என்பவர் ஒரு சிறு நூல் எழுதினார். பொது இடத்தில் வைத்து அவருடைய வலது கையை வெட்டினார்கள். மிச்சமிருந்த கையால் தொப்பியைக் கழற்றி, கடவுள் அரசியைக் காக்கட்டும் என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தாராம். பியான்சே தரப்பிடம் இருந்த ஆயுதம் ஒரு மின்னஞ்சல். அதை மதிக்காதவர்களுக்கு விரல் நகம்கூடப் போகவில்லை, வாசகர்கள்தான் கூடினார்கள்.

அந்தச் சுற்றுப்பயணத்தின் பெயரையும் கட்டுரையாளர் தாண்டிப் போய்விட்டார். 'மிஸஸ் கார்ட்டர்' என்பது அது. கணவர் ஜே-சியின் குடும்பப் பெயர். எலிசபெத்தின் பிம்பமோ கல்யாணம் செய்துகொள்ளாததில் நின்றது. அவர் படங்களில் வரும் முத்துக்களும் சல்லடையும் பிறைநிலாவும் கன்னிமையின் அடையாளங்கள். கன்னி அரசியின் காலத்து உடுப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் இன்னார் மனைவி என்று பலகை தொங்கவிட்டால் அது குறும்பா, கவனக்குறைவா? குறும்பு என்றுதான் எனக்குப் படுகிறது. 2017 பிப்ரவரியில் முக்காடிட்டு, பூக்களுக்கு நடுவே, இரட்டைக் குழந்தைகளைச் சுமந்த வயிற்றோடு படம் வெளியிட்டவர் அவர். எலிசபெத்தின் ஓவியர்கள் யாரும் கனவிலும் வரையத் துணியாத படம்.

ரசிகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எலிசபெத்தின் படங்களில் பலவற்றுக்குக் காசு கொடுத்தவர்கள் அவருடைய அபிமானிகள்தான். 1592ஐ ஒட்டி வரையப்பட்ட டிட்ச்லி ஓவியம் சர் ஹென்றி லீயின் ஏற்பாடு. அதில் அரசி இங்கிலாந்து வரைபடத்தின் மேல் நிற்பார். பாதம் இருப்பது ஆக்ஸ்போர்டுஷயரில், லீயின் இருப்பிடமான டிட்ச்லிப் பக்கம். கட்அவுட்டுக்கு அடியில் உபயம் என்று பெயர் போட்டுக்கொள்கிறார்களே, அதே கதை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஹில்லியார்டிடம் தொழில் பழகிய ஐசக் ஆலிவர், 1590களின் தொடக்கத்தில் எலிசபெத்தின் முகத்தை மட்டும் தீட்டி, உடையைக் கோடுகளாகவே விட்டுவிட்ட ஒரு சிற்றோவியம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கன்னம் ஒட்டி, வயது தெரிகிற முகம். டச்சிங் படாத நெகட்டிவ் என்று நான் அதைச் சொல்வேன். அடுத்த முறை இந்த ஒப்பீட்டை எடுத்தால் ஒரு பக்கம் அதைப் போடுங்கள். எதிர்ப்பக்கத்தில், எடுத்துவிடச் சொன்ன அந்த சூப்பர் பவுல் படங்களில் ஒன்றைப் போடுங்கள். பாடகியின் தரப்பிடம் மட்டும் கேட்காதீர்கள். எந்தப் படத்தை அனுப்புவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், ஓய்வுபெற்ற டச்சிங்காரன்