என் ஃப்ளைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மிச்சிகனில் ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீன் வாழும் பெரும்பாலான ஓடைகளுக்கு செப்டம்பர் 30-உடன் இந்த ஆண்டின் மீன்பிடிக் காலம் முடிந்துவிட்டது. தூண்டில் கழியைத் துடைத்து உள்ளே வைத்த கையோடு இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒருவர் செய்த உதவி இன்னொருவருக்குத் தெரியாது. நாலு பேர் அறியச் சொன்னால்தான் எனக்கு மனம் நிறையும்.

இந்தப் பக்கமே வராத நண்பர்களும் வாசிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. புழுவும் இல்லாமல் வேறு இரையும் இல்லாமல், தூண்டில் முள்ளின் மேல் இறகு, முடி, நூல் எல்லாம் சுற்றி, ஆற்றில் மிதந்து வரும் பூச்சி மாதிரி செய்வதைத்தான் ஃப்ளை என்கிறோம். கடையிலும் கிடைக்கும். ஆனால் வீட்டு மேசையில் வைஸ் என்கிற இடுக்குப்பிடியில் முள்ளைப் பொருத்தி நாமே கட்டி, அதை நம்பி ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது பாருங்கள், அந்தச் சந்தோஷம் வேறு.

எங்கள் மாநிலத்தில் பிறந்து உலகம் முழுக்கப் போன ஃப்ளை ஒன்று உண்டு. ஆடம்ஸ் என்று பெயர். பழுப்புச் சேவல் இறகும் கறுப்பு வெள்ளைப் புள்ளிச் சேவல் இறகும் கலந்து சுற்றியது, சாம்பல் நிற உடல். 1922-இல் டிராவர்ஸ் சிட்டிக்குத் தெற்கே மேஃபீல்டு என்ற சிற்றூரில் லியோனார்ட் ஹாலடே அதைக் கட்டினார். ஆனால் தன் பெயரை அதற்கு வைக்கவில்லை. போர்ட்மேன் ஆற்றில் முதன்முதலாக அதைப் போட்டு மீன் பிடித்துவிட்டு வந்து, நன்றாக வேலை செய்கிறது என்று சொன்ன நண்பர் சார்லஸ் ஆடம்ஸின் பெயரை வைத்துவிட்டார். ஆடம்ஸ் ஒஹாயோவிலிருந்து வந்த வழக்கறிஞர். நூறு வருடம் கழித்தும் அந்த ஃப்ளையைக் கேட்கிற யாரும், போட்டுப் பார்த்தவரின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். அது முழுக்க முழுக்க நியாயம் என்று நான் நினைக்கிறேன். இந்த மடலை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

முதல் நன்றி எங்கள் பெரியவருக்கு. கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தமிழ் தெரியாது. நானே நேரில் போய் இதை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டுவதாக இருக்கிறேன். ஒரு ஃப்ளையை அவர் கையில் கொடுத்தால் "அழகாக இருக்கிறது" என்று ஒருநாளும் சொன்னதில்லை. எத்தனை சுற்று நூல் போட்டாய் என்று கேட்பார். அதில் எதெல்லாம் தேவையில்லை என்று அடுத்துக் கேட்பார். வால் முள்ளின் தண்டு அளவுக்கு நீளம், சுற்றும் இறகின் இழைகள் முள்ளின் வாய் அகலத்தைப் போல, அதாவது தண்டுக்கும் முனைக்கும் நடுவே உள்ள திறப்பைப் போல, ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு, தூண்டில் நரம்பு கட்டுகிற முள்ளின் கண்ணுக்குப் பின்னால் கொஞ்சம் வெற்றிடம். இவ்வளவுதான் அவருடைய இலக்கணம். மீன் கடித்துக் கிழிந்த ஃப்ளைகளைத் தூக்கிப் போடாமல் கொண்டு வரச் சொல்வார். பழைய பிளேடால் நூலை ஒவ்வொரு அடுக்காக அறுத்து, எந்த இடத்தில் முதலில் தளர்ந்தது என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே வைத்துப் பார்ப்பார். உடல் மேல் சுற்றிய இறகு அறுந்தால் எல்லாமே அவிழ்ந்துவிடும் என்பதால், அதன் மேல் மெல்லிய செம்புக் கம்பியை எதிர்த்திசையில் சுற்றி வரச் சொன்னது அவர்தான். அந்தக் கம்பி வந்த பிறகு ஒரே ஃப்ளையில் பல மீன் பிடிக்க முடிகிறது. சார், உங்கள் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்து நம் ஆரி வேலை அக்கா. அக்கா தூண்டிலைத் தொட்டதே இல்லை, மீனும் சாப்பிடுவதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "நூல் முறுக்கேறி இருக்கு, அதான் மேடு மேடா விழுது" என்றார். ரவிக்கையில் வருடக்கணக்காகக் கொக்கி ஊசி ஓட்டிய கை அல்லவா. நூல்கண்டைப் பிடித்திருக்கும் பாபினைத் தொங்கவிட்டு எதிர்ப்பக்கம் சுழற்றினால் முறுக்கு அவிழ்ந்து நூல் நாடா மாதிரி தட்டையாக விழும். தலைப்பகுதி பாதியாகச் சிறுத்துவிடுகிறது. இறகை இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் திரும்ப முறுக்கேற்றினால் போதும். நூலுக்குத் தேன்மெழுகு பூசுவதிலும் அக்காவின் கணக்கு தனி, விரலில் ஒட்டக் கூடாது, நூலில் ஒட்ட வேண்டும்.

இப்போது மகளுக்கு. சின்னப் பெண்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம், இந்த வருடம் என் ஃப்ளைகள் அதிகம் மாறியது அவள் சொல்லித்தான்.

தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் முழுக்கத் தெரிவதில்லை. ஒளி தண்ணீரில் வளைவதால், தலைக்கு நேர் மேலே ஒரு வட்டத்துக்குள் மட்டும்தான் வானமும் கரையும் தெரியும். ஓரடி ஆழத்தில் நிற்கிற மீனுக்கு அந்த வட்டத்தின் குறுக்களவு சுமார் இரண்டேகால் அடி. அதற்கு வெளியே நீர்ப்பரப்பு ஆற்றின் அடித்தரையைத்தான் பிரதிபலிக்கும். மிதந்து வரும் பூச்சி அந்த வட்டத்துக்குள் வருவதற்கு முன்பே, அதன் கால்கள் நீர்ப்பரப்பை அழுத்தும் இடங்கள் ஒளிப்புள்ளிகளாக மீனுக்குத் தெரிந்துவிடும். நீரோடு ஒட்டிப் படிந்த பூச்சியென்றால் வயிறும் தெரியும். மேலிருந்து பார்த்துக் கட்டுகிற நமக்கு இதில் எதுவுமே தெரியாது.

அவள் மீன் வளர்த்த பழைய கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி மேசை விளிம்பில் வைத்தோம். அவள் தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக மேல்நோக்கிப் பார்ப்பாள். நான் ஃப்ளையை ஒவ்வொன்றாகப் போடுவேன். "அப்பா, இதுக்குக் கால் மட்டும்தான் தெரியுது, வயிறே தெரியல." அவள் சொன்ன அந்த ஒரு வரிதான். மேஃப்ளை என்பது ட்ரவுட் விரும்பித் தின்னும் நிஜ ஆற்றுப் பூச்சி. முட்டையிட்டு முடித்துச் செத்து விழும்போது அது இறக்கையை விரித்துத் தண்ணீரோடு படிந்து வரும். என் ஃப்ளையோ இறகு நுனிகளில் நின்று உடலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலால் அடிப்பக்க இழைகளை மட்டும் நறுக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். "இப்போ மஞ்சள் தெரியுது!" என்று துள்ளினாள். ஒவ்வொன்றையும் செல்போனில் படமும் எடுத்து வைத்தாள். அந்தப் படங்களைப் பார்க்காமல் இப்போது நான் புதிதாக எதையும் கட்டுவதில்லை. கண்ணம்மா, உனக்கு அப்பாவின் பெரிய நன்றி. சமையலறை மேசை மாதக்கணக்கில் திரும்பக் கிடைக்காமல் பொறுத்துக்கொண்ட உன் அம்மாவுக்கும்தான்.

ஸ்கார்பரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வது! தபாலில் அனுப்பிய ஃப்ளைகளை எடுத்துக்கொண்டு ஒன்டாரியோவின் கிராண்ட் ஆற்றுக்குப் போனார். ஃபெர்கஸ் பக்கம், ஷாண்ட் அணைக்குக் கீழே. அணையின் அடியிலிருந்து குளிர்ந்த நீர் வருவதால் அங்கே பிரவுன் ட்ரவுட் கோடையிலும் தாக்குப்பிடிக்கிறது. அன்றிரவே குரல் பதிவு வந்தது. "தம்பி, உது நல்லா மிதக்குது. ஆனா எறியேக்க காத்தில சுத்துது, நரம்பு முழுக்க முறுக்கிப் போச்சு." இரண்டு பக்கமும் விறைப்பாக நிமிர்ந்த இறக்கை வைத்த பெரிய ஃப்ளை காற்றில் சுழன்றால் மெல்லிய நரம்பு முறுக்கிக்கொள்ளும். தொட்டியில் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, வீசினால்தான் தெரியும். இறக்கைகளை எடுத்துவிட்டு, நடுவில் வெள்ளை மான் மயிரில் ஒரே ஒரு தூண் நிறுத்தி, அதைச் சுற்றி இறகைக் கிடைமட்டமாகச் சுற்றினேன். அண்ணா, அதற்கப்புறம் நீங்கள் அனுப்பிய பதிவில் வெறும் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் இருந்தது. அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஜூன் கடைசியில் ஹெக்ஸ் பூச்சி கிளம்பும் இரவில் என்னோடு வந்த தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஹெக்ஸ் என்பது எங்கள் பக்கத்து மேஃப்ளைகளிலேயே மிகப் பெரியது. ஆற்று வண்டலில் குழி தோண்டிப் புழுப்பருவத்தைக் கழித்துவிட்டு, இருட்டிய பிறகு மேலே வந்து சிறகு விரிக்கும். சிறகு வந்தபின் அதற்கு உணவே கிடையாது, இணைசேர்ந்து முட்டையிடுவது மட்டும்தான் வேலை. பகலெல்லாம் மரக்கட்டைக்கு அடியில் பதுங்கிக் கிடக்கிற பெரிய பிரவுன் ட்ரவுட் எல்லாம் அன்றைக்கு வெளியே வரும்.

நாங்கள் போனது ஓ சேபிள் ஆற்றின் தெற்குக் கிளை. கார் நிறுவன அதிபராக இருந்த ஜார்ஜ் மேசன், கட்டடம் எதுவும் வரக் கூடாது என்று சொல்லி மாநிலத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போன காடு அது. தம்பிக்கு மீன்பிடிப்பில் ஆர்வம் கிடையாது. கரையில் கொசுக்கடியில் உட்கார்ந்து, சிவப்பு விளக்கை மடியில் மறைத்துப் பிடித்துக்கொண்டு, எந்த ஃப்ளை, எத்தனை முறை மீன் எழுந்தது, எத்தனை முறை முள் ஏறியது என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தான். பத்து மணிக்கு மேல் பூச்சி கிளம்பியது. இருட்டில் மீன் தெரியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். சின்ன மீன் சளப்பென்று சத்தம் போடும். பெரியது மெதுவாக, அடித்தொண்டையில் ஒரு 'களுக்'. அந்தச் சத்தம் வந்த இடத்துக்கு நாலடி முன்னால், நீர் வரும் பக்கமாக ஃப்ளையை விழவைத்து, வெள்ளைத் தூண் நகர்வதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை அந்த நோட்டைப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தடித்த ஃபோம் உடல் வைத்த ஃப்ளைக்கு மீன் எழுந்தது, ஆனால் பாதிக்கு மேல் முள் ஏறவில்லை. ஃபோம் முள்ளின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. மஞ்சள் மான் மயிர் உடல் வைத்ததில் ஏறியது. மான் மயிருக்குள் காற்று நிறைந்திருப்பதால் மெல்லிய கட்டாகக் கட்டினாலே மிதக்கும், முள்ளின் வாயும் திறந்திருக்கும். மீன் பிடிப்பவனுக்கு அந்த இரவில் பிடித்த மீன் மட்டும்தான் நினைவிருக்கும். தப்பியதையும் சேர்த்து எழுதி வைத்தது நீதான் தம்பி. பிடித்தவற்றை அங்கேயே விட்டுவிட்டோம். முள்ளின் பின்கூரை இடுக்கியால் அமுக்கிவிடுவதால் கழற்றுவதும் சுலபம்.

ஊரிலிருந்து மாமா, தோப்பில் உதிர்ந்த மயில் தோகையைச் சேர்த்து வைத்திருப்பதாகவும் யாரிடமாவது கொடுத்து விடுவதாகவும் சொன்னார். மாமா, உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் இந்தியாவிலிருந்து மயிலிறகை வெளிநாட்டுக்குக் கொண்டுவர அனுமதி இல்லை, தயவுசெய்து யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். இங்கேயும் 1918-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான காட்டுப் பறவைகளின் இறகை, தரையில் கிடந்தாலும்கூட, எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. புதிதாகக் கட்டத் தொடங்குகிறவர்களும் இதைக் கவனியுங்கள். பண்ணைச் சேவல், வாத்து, வேட்டைக்காரர்கள் தரும் மான் வால், இவையே போதும்.

டிசம்பர் சனிக்கிழமைகளில் வழக்கம்போல் எங்கள் வீட்டில் உட்காருகிறோம். பெரியவர் வருவதாகச் சொல்லிவிட்டார். மஞ்சள் மான் மயிர் ஹெக்ஸ் வேண்டுமென்று கேட்டவர்களுக்கெல்லாம் வசந்தத்துக்கு முன்பே அனுப்பிவிடுகிறேன். பணம் வேண்டாம். எந்த ஆற்றில் போட்டீர்கள், மீன் என்ன செய்தது, ஃப்ளை எங்கே பிய்ந்தது என்று இரண்டு வரி எழுதினால் போதும். பிய்ந்த ஃப்ளையையும் திருப்பி அனுப்பினால் இன்னும் நல்லது. அக்கா, மெழுகு தீர்ந்துவிட்டது, வரும்போது ஒரு கட்டி எடுத்து வாருங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் நண்பன்,
நோவை, மிச்சிகன்