உன் கையெழுத்தைப் பார்த்தேன், பங்காளி

செல்லூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள பங்காளிக்கு,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தப்பு என்னுடையதுதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், சின்னவளைக் கல்லூரியில் சேர்த்தது, ஷெட்டுக்குக் கூரை மாற்றியது என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பத்து நாளாக எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை.

சொக்கிகுளம் டாக்டர் வீட்டுச் சிவப்பு வண்டியை விற்கப்போகிறார்கள்.

டாக்டர் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. டாக்டரம்மா அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள். நியூஜெர்சியில் இருக்கிற மகன், வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே வந்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்து இப்போதுதான் சம்மதிக்க வைத்திருக்கிறான். வண்டியைப் பார்த்து ஒரு விலை சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். "மேஸ்திரி இருந்தால் அவரைக் கேட்டிருப்பேன், இப்போது நீதாம்ப்பா சொல்லவேண்டும்" என்றார்கள். நமக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பெயரைச் சொன்ன பிறகு நான் எப்படி முடியாது என்பேன்?

போய்ப் பார்த்தேன். தார்ப்பாயை எடுத்ததும் அதே வாசனை, பெட்ரோலும் பழைய தோலும் கலந்த வாசனை. 1968 ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் கார், மார்க் 3, 1296 சிசி, இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டர். மேஸ்திரி ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்பரேட்டர் வாயிலும் பிடித்துச் சத்தம் கேட்டுத்தான் ட்யூன் பண்ணுவார், நாம் இரண்டு பேரும் மூச்சு விடாமல் நிற்போம். பானெட்டை இரண்டு பக்கமும் விடுவித்து முன்னால் சாய்த்தேன். மட்காடோடு சேர்ந்து முன்பக்கம் முழுக்க அப்படியே கவிழ்ந்து, டயர் மேலே உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி எஞ்சின் திறந்துகொண்டது. ட்ரயம்ப் ஹெரால்டு காரிலும் இதே சாய்ப்புதானே, இரண்டும் ஒரே வம்சம், இரண்டையும் வரைந்தது அதே இத்தாலிக்கார டிசைனர் மிக்கெலாட்டி. சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி ஹெரால்டு செய்துகொண்டிருந்ததால்தான் கவென்ட்ரியில் பிறந்த இந்த வண்டியை மதுரையில் இத்தனை வருஷம் ஓட்ட முடிந்தது. முன் சஸ்பென்ஷனுக்கு ஹெரால்டு சாமானை எடுத்துப் போட்டு மேஸ்திரி சமாளித்தது உனக்குத் தெரியும்.

மீட்டரில் 71,480 மைல் இருந்தது. இங்கேதான் பிரச்சினையே.

நான் போவதற்கு முன்பே சென்னையிலிருந்து ஒரு புரோக்கர் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு 14 லட்சம் சொல்லியிருக்கிறார். "71,000 மைல்தான் ஓடியிருக்கு, சொந்த மீட்டர், ஒரே ஓனர்" என்று அவரே முடிவு செய்துகொண்டார். மகனுக்கு ஒரே சந்தோஷம். டாக்டரம்மா என்னிடம் வண்டிக் காகிதங்களைக் கொடுக்கும்போது அதோடு சேர்த்து ஒரு நீள நோட்டையும் கொடுத்தார்கள், காலிகோ அட்டை போட்ட கணக்கு நோட்டு. டாக்டர் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார், பங்காளி. எத்தனை காலன், எத்தனை மைல், எந்த ஊர், எப்போது ஆயில் மாற்றியது, எந்தச் சக்கரத்தில் காற்று இறங்கியது, எல்லாம். 1970-இல் கப்பலில் வந்து இறங்கும்போதே 19,000-த்துச் சொச்சம். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் வத்தலக்குண்டு, அங்கே அவர் வைத்திருந்த கிளினிக்குக்கு. 1986 ஜூன் மாதத்துப் பக்கத்தில் நீல மையில், "நிலக்கோட்டை தாண்டி 00000. ஓரமாக நிறுத்தி காபி குடித்தேன்" என்று ஒரு வரி. அந்த மீட்டரில் ஐந்து இலக்கம்தான், 99,999-க்குப் பிறகு மறுபடி சுழியத்திலிருந்து ஆரம்பித்துவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் சிவப்பு மையில் ஒரு ஒன்று போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஆக வண்டி ஓடியது 1,71,480 மைல். கிலோமீட்டரில் 2,75,000-க்கும் மேலே.

1991-ஆம் வருஷப் பக்கத்தில் குண்டூசி குத்திய ஒரு பில் இருந்தது. நம் ஒர்க்‌ஷாப் பில். எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்ததற்கு, மேஸ்திரி சொல்லச் சொல்ல எழுதியது. ரீபோர் 20 ஓவர்சைஸ், பிஸ்டன் ரிங் செட், மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங், த்ரஸ்ட் வாஷர், கடைசியில் "கேஷ்கட் செட்". கேஸ்கட்டை நீ எப்போதும் தப்பாக எழுதுகிற அதே கேஷ்கட்! உன் கையெழுத்து, பங்காளி. கோணலாக, ஒவ்வொரு வரியும் வலது பக்கம் இறங்கிக்கொண்டே போகிறது. பில்லின் ஓரத்தில் கிரீஸ் கை பட்ட கட்டைவிரல் தடம் ஒன்று, அது உன்னுடையதா என்னுடையதா தெரியவில்லை. நமக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன், டாக்டரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் புரோக்கர் நேரில் வந்தார். பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மீட்டர் ஒரிஜினல்தானே?" என்று என்னைக் கேட்டார். மீட்டர் ஒரிஜினல்தான், ஆனால் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது என்று சொல்லி நோட்டைக் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. "ஒன்றே முக்கால் லட்சம் மைல் ஓடின வண்டியா, அப்படியென்றால் ஐந்தரைக்கு மேல் ஒரு ரூபாய் தரமாட்டேன்" என்று கிளம்பிப் போய்விட்டார். அன்று ராத்திரி மகன் போன் போட்டான். நோட்டை யார் காட்டச் சொன்னது என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள், "நீங்களே வாங்கலாம் என்றுதானே அண்ணே விலையை இறக்கிவிடுகிறீர்கள்?" என்றான்.

பங்காளி, நான் விலையை இறக்கவேண்டும் என்று நோட்டைக் காட்டவில்லை. ஆனால் அந்த வண்டி எனக்கு வேண்டும் என்பது உண்மை. தார்ப்பாயை எடுத்த நிமிஷத்திலிருந்து வேண்டும். சீட்டுப் பணம் ஆறரை லட்சம் இருக்கிறது, 14 லட்சத்துக்கு நான் எங்கே போவேன், ஐந்தரை என்றால் நாளைக்கே எடுத்துவிடலாம். நான் சொன்ன உண்மையால் எனக்கே ஆதாயம் வருகிறது. அந்தப் பையன் கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை, வலிதான் வந்தது. மேஸ்திரி வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் என்று நம்பி டாக்டரம்மா விலை கேட்கிறார்கள், அந்த விலையில் என் ஆசை ஒரு ரூபாய்கூடக் கலந்துவிடக்கூடாது.

அதனால் மூன்று நாள் உட்கார்ந்து வண்டியை முழுக்கப் பார்த்தேன், வாங்க ஆசைப்படுகிற நான் வேறு ஆள் என்று வைத்துக்கொண்டு. பார்த்ததைச் சொல்கிறேன், நீ தப்பு இருந்தால் சொல்.

முதலில் பாடி. இந்த வண்டிக்கு சேஸிஸ் தனியாக இருந்தாலும் கதவுக்குக் கீழே ஓடுகிற சில்தான் பாடிக்கு முதுகெலும்பு, அது துருப்பிடித்து இற்றுப்போனால் பாடி நடுவில் தொய்ந்து கதவு இடைவெளி மேலே குறுகிவிடும். காந்தத்தை ஒரு துணியில் சுற்றி சில் முழுக்க, வீல் ஆர்ச், தரை, பல்க்ஹெட் மூலை என்று இழுத்துக்கொண்டே போனேன். பட்டி வைத்த இடத்தில் காந்தம் நிற்காது. இடது பின்சக்கரத்துக்கு மேலே ஒரு உள்ளங்கை அளவு மட்டும் நழுவியது, மற்ற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஜாக்கி வைத்துத் தூக்கிக் கதவைத் திறந்து மூடினேன், எங்கேயும் இடிக்கவில்லை. நம்மூர் வெயில் ரப்பரையும் டேஷ்போர்டு மரத்து வார்னிஷையும் தின்றிருக்கிறது, துணிக்கூரை பொடிப்பொடியாக உதிர்கிறது, ஆனால் தகட்டை விட்டுவைத்திருக்கிறது. இங்கிலாந்தில் இந்த மார்க் 3 மட்டுமே 65,000-க்கும் மேல் செய்தார்கள், அங்கே இது அபூர்வம் இல்லை. ஆனால் மழையும் உப்பும் அங்கே எத்தனையோ வண்டிகளின் சில்லைத் தின்றுவிட்டன.

அப்புறம் எஞ்சின். டாக்டரம்மா வீட்டு டிரைவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்னால் கிராங்க் புல்லி முன்னே பின்னே நகர்கிறதா என்று பார்த்தேன். கிராங்க் அப்படி நகராமல் பிடித்துக்கொள்கிற அந்த த்ரஸ்ட் வாஷர்தான் இந்த எஞ்சினுக்கு உயிர்நிலை. அது தேய்ந்து விழுந்தால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும் என்று மேஸ்திரி தலையில் குட்டிக் குட்டிச் சொன்னாரே. புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நகரவில்லை. கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் 140-க்கும் 150-க்கும் நடுவே. எஞ்சின் சூடான பிறகு கேஜ் மாட்டி 2,000 ஆர்.பி.எம்.மில் பார்த்தேன், ஆயில் பிரஷர் 45 பவுண்டு நின்றது. முன் சக்கரம் திரும்புகிற அடி மூட்டான ட்ரனியனுக்கு டாக்டர் ஒவ்வொரு சர்வீஸுக்கும் 90 நம்பர் கியர் ஆயில்தான் விட்டிருக்கிறார், கிரீஸ் இல்லை. அதற்கும் நோட்டில் வரி இருக்கிறது. கிரீஸ் அடித்துவிட்டு, ஒரு நாள் மரை துருவேறி ஒடிந்து சக்கரம் மடிந்துபோன ஹெரால்டு எத்தனை நம் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள், எண்ணிப் பார்.

குறையும் இருக்கிறது. இரண்டாவது கியர் இறங்கும்போது கரகரக்கிறது, சிங்க்ரோ போய்விட்டது. டிபரன்ஷியல் நாற்பது மைலில் பாட ஆரம்பிக்கிறது. பின்பக்கத்துக் குறுக்கு லீஃப் ஸ்பிரிங் படுத்துவிட்டதால் பின்சக்கரம் இரண்டும் மேலே உள்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. வண்டி 2016-க்குப் பிறகு ஓடவில்லை, டிரைவர் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணியதோடு சரி. அதனால் பிரேக் சிலிண்டர் இரண்டு பிடித்துக்கொண்டது, பெட்ரோல் டேங்கில் துரு. அவற்றை நானே சரிசெய்தேன், காசு வாங்கவில்லை.

இதையெல்லாம் எழுதிக் கூட்டிப் பார்க்கும்போதுதான் ஒன்று உறைத்தது. ஓடியதால் கெட்டது எல்லாமே கழற்றி மாட்டக்கூடிய சாமான். சிங்க்ரோ, ஸ்பிரிங், பேரிங், சீட்டு உறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு, இங்கிலாந்திலிருந்து புதிதாகவே வரவழைக்கலாம், அதைக் கூட்டி மொத்தத்தில் கழித்தால் மைலுக்கான கணக்கு தீர்ந்தது. ஆனால் தகடு சரியில்லை என்றால் அதைக் கழிக்க முடியாது. ஓடாமல் நின்ற இத்தனை வருஷம் செய்த சேதம், ஒரு லட்சம் மைல் செய்த சேதத்துக்குக் குறைந்தது இல்லை. புரோக்கர் ஒன்றே முக்கால் லட்சம் என்ற எண்ணை மட்டும் பார்த்தார். அந்த எண்ணை வண்டி எப்படிக் கடந்தது என்று எழுதியிருக்கிற நோட்டு அவர் கையில்தான் இருந்தது, பிரித்துப் படிக்கவில்லை. அந்த நோட்டு இல்லாத 71,000 மைல் வண்டியைவிட நோட்டோடு இருக்கிற இந்த வண்டிக்கு நான் கூடத்தான் கொடுப்பேன். அப்படியென்றால் ஐந்தரை அநியாயம். 14 லட்சமோ பொய்யின் மேல் நிற்கிற விலை, வாங்கினவனுக்கு ஒரு நாள் தெரிந்தால் டாக்டர் பெயர்தான் கெடும்.

காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்.சி. நடப்பில் இருக்கிறது. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி என்பதால் 2021-இல் வந்த வின்டேஜ் விதிப்படி பதியலாம் என்று புரோக்கர் மகனிடம் ஆசை காட்டியிருக்கிறார். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. ஓடியே வாழ்ந்த வண்டியை அப்படிக் கட்டிப்போட எனக்கு மனசு வரவில்லை. யார் வாங்கினாலும் பழைய ஆர்.சி.யிலேயே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு போகட்டும்.

என் மனதில் ஒரு விலை இருக்கிறது. இந்தக் கடிதத்தில் அதை எழுதமாட்டேன். நீ சனிக்கிழமை வா. உன் கம்ப்ரஷன் கேஜைக் கொண்டுவா, என்னுடையதை நம்பவேண்டாம், காந்தமும் உன்னுடையதாக இருக்கட்டும். நான் பக்கத்தில் நிற்கமாட்டேன். பார்த்து முடித்துவிட்டு டாக்டரம்மாவிடம் நீ விலையைச் சொல், அதை மகனுக்கும் அவர்களே போனில் சொல்லட்டும். அது என் ஆறரைக்குள் வந்தால் வாங்குவேன். வராவிட்டால் கோயம்புத்தூர்ப் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் உனக்குத்தான் பழக்கம், நோட்டைப் படிக்கிற பொறுமை உள்ள ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு. அந்த பில்லை எழுதினவன் நீ, உன்னைவிட அந்த எஞ்சினுக்குச் சாட்சி யார்?

வேலை இருக்கிறது, லீவு இல்லை என்று ஆரம்பிக்காதே. மேஸ்திரி திதிக்கும் அதைத்தான் சொன்னாய், அதை நான் இன்னும் மறக்கவில்லை. சனிக்கிழமை மதியச் சாப்பாடு அங்கேயே என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள், உனக்குப் பிடித்த வாழைப்பூ வடை இன்னும் அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

நேற்று பிரேக் சரியாகிவிட்டதா என்று பார்க்க அழகர்கோவில் ரோட்டில் அப்பன்திருப்பதி வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். இப்போது மீட்டரில் 71,498 நிற்கிறது. அந்தப் பதினெட்டு மைலையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவிட்டேன், முன்னால் சிவப்பு மையில் ஒன்றும் போட்டிருக்கிறேன்.

உன் பங்காளி