சாத்தே தட்டிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் நம் சிங்கப்பூரின் லாவ் பா சாட் உணவங்காடி பற்றிய கட்டுரை வாசித்தேன். 1894இலிருந்து ஓர் ஆணிகூட அசையாமல் நிற்கும் உணவங்காடியாம்! 1986இல் எம்ஆர்டி ரயிலின் சுரங்க வேலைக்காக அந்தக் கட்டடத்தையே துண்டு துண்டாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். அப்போது நான் ராபின்சன் ரோட்டில் ஓர் அலுவலகத்தில் கிராணி. சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் நின்று வேடிக்கை பார்த்தோம், தூண் ஒரு பக்கம், வளைவில் இருந்த பூவேலை இரும்பு ஒரு பக்கம் என்று கிடந்தது. 1989இல்தான் திரும்பப் பூட்டினார்கள். உங்கள் நிருபருக்கு அது தெரியாமல் போகலாம், உங்களுக்குமா தெரியாது?

அப்புறம், அது உணவங்காடியாகப் பிறக்கவே இல்லை. மீனும் காய்கறியும் விற்ற தெலுக் ஆயர் சந்தை அது. 1830களில் கட்டடக் கலைஞர் கோல்மன் அதைக் கடலோரத்தில் எட்டு மூலையாகக் கட்டினார். கடலைத் தூர்க்கும்போது, 1879இல், அதை இடித்துவிட்டார்கள். பிறகு நகராட்சிப் பொறியாளர் மெக்ரிட்சி அதே எட்டு மூலையை விடாமல், கிளாஸ்கோவில் வார்த்த இரும்பைக் கப்பலில் வரவழைத்துக் கட்டியதுதான் இன்று நாம் பார்ப்பது. மீன் கவிச்சி தங்காமல் காற்று நாலாபக்கமும், இல்லை, எட்டுப் பக்கமும் வந்துபோக வேண்டுமே, அதனால்தான் சுவரே இல்லாமல் தூணிலேயே நிற்கிறது. அந்த மெக்ரிட்சியின் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அவர் பெயர் வைத்த நீர்த்தேக்கத்துக் குரங்குகளுக்கு மட்டும் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி படம் வருகிறது, சந்தோஷம்.

போட்ட மூன்று படங்களில் இரண்டு சாத்தே, குச்சியில் கோத்துச் சுட்டு வேர்க்கடலைக் குழம்போடு தரும் இறைச்சி. சாத்தே எனக்கும் பிடிக்கும், அங்காடியை ஒட்டிய பூன் டாட் ஸ்திரீட்டின் சாத்தே புகையில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் 1973இல் அந்தக் கட்டடத்தைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது வேர்க்கடலைக் குழம்புக்காக இல்லையே.

லிட்டில் இந்தியாவில் இருக்கும் நம் தேக்கா சந்தையின் கதையும் இதேதான். 1915இல் கட்டிய பழைய தேக்காவை, அதாவது கண்டாங் கெர்பாவ் சந்தையை, 1982இல் இடித்தார்கள். அதில் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் வழுக்கி வழுக்கி நடந்தவன் நான். தீபாவளி வந்தால் தேக்காவில் கூட்டம் என்று வருடா வருடம் எழுதுகிறீர்கள், அந்தப் பழைய கட்டடம் பற்றி ஒரு பத்தி உண்டா?

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டை ஒழுங்காகப் போட்டு ஒரு வரித் திருத்தம், முடிந்தால் அந்தத் தூணின் மேல்பக்கத்துக்கு ஒரு படம். இடமில்லை என்றால் பரவாயில்லை, தேக்கா பற்றி நான் எழுதிய கடிதத்துக்கும் அப்படித்தான் சொன்னீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாசகர், ஈசூன்