பி12 வண்டியை மறுபடி பனியில் இறக்கியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நம் பி12 பனிவண்டி ஓடுகிறது. உறைந்த ஏரிமேல், தன் சொந்த எஞ்சினில், தன் சொந்த டிராக்கில் ஓடுகிறது. படம் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். ஆனால் எந்த போல்ட்டை முடுக்கியது யார், எந்தப் பலகையை வளைத்தது யார் என்பதெல்லாம் படத்தில் தெரியாதே, அதற்காகத்தான் இந்த மடல். பெயர் போடாதே என்று உங்களில் பலர் சொல்லிவிட்டீர்கள். அதனால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குப் புரிந்துவிடும்.

தெருவில் உள்ளவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், இது என்ன வண்டி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வட்ட வட்டமாக ஜன்னல், பிளைவுட் உடம்பு, முன்னால் சறுக்கிப் போக இரண்டு ஸ்கீ, பின்னால் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையான டிராக். எதிர்வீட்டுப் பிள்ளைகள் இதை நீர்மூழ்கிக் கப்பல் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் கராஜ் நடத்திய ஜோசஃப் ஆர்மான் பொம்பார்டியர் உருவாக்கிய வண்டி இது. அந்தக் காலத்தில் அங்கே குளிர்காலம் வந்தால் கிராமத்துச் சாலைகளில் யாரும் பனி அள்ளுவதில்லை. காரை ஓரங்கட்டிவிட்டுக் குதிரை இழுக்கும் சறுக்குவண்டியில்தான் போவார்கள். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றுக்குள் தொற்று முற்றியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்துபோனான். அதற்குப் பிறகுதான் பொம்பார்டியருக்குப் பனிவண்டி யோசனையே வந்தது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. 1922இலேயே, பதினைந்து வயதில், விசிறி பொருத்திய சறுக்குவண்டி ஓட்டிக் காட்டியவர் அவர். ஆனால் 1937இல் பல்சக்கரமும் டிராக்கும் சேர்ந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கும்வரை அவர் ஓயாமல் உழைத்ததற்கு அந்தப் பிள்ளையின் சாவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஏழு பேர் போகும் பி7 முதலில் வந்தது, 1940களில் பன்னிரண்டு பேருக்கான பி12. ஆம்புலன்ஸ், தபால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் அது ஓடியிருக்கிறது. அப்புறம் கியூபெக்கில் குளிர்காலச் சாலைகளைச் சுத்தம் செய்யச் சட்டம் வந்தது, விற்பனை விழுந்தது.

ஆனால் ஏரியில் சாலையும் இல்லை, பனி அள்ளும் வண்டியும் இல்லை. கனடாவின் இன்னொரு மாகாணமான மனிடோபாவில் வினிப்பெக் ஏரியின் குளிர்கால மீன்பிடிக்கு இந்த வண்டிகள் பல ஆண்டுகளாக உழைத்துவருகின்றன. என் முதல் நன்றி அங்கே இருக்கும் அந்த மீனவருக்கு. வண்டியைத் தரும்போது அவர் பணத்தைப் பற்றிப் பேசியது குறைவு. "பளபளவென்று பெயின்ட் அடித்து நிறுத்தி வைப்பதாக இருந்தால் வேண்டாம், ஓட்டுவதாக இருந்தால் எடுத்துப்போ" என்றார். கூடவே ஒரு சாக்கு நிறைய டிராக்குக்கான உதிரிக் குறுக்குச் சட்டங்களும் தந்தார். கூரையில் இருக்கும் திறப்பைத் தொட்டுக் காட்டி, வேறு எதை விட்டாலும் இதன் கீலுக்கு எண்ணெய் விடுவதை விடாதே என்றார். ஏரிப் பனி உடைந்து வண்டி இறங்கினால் கதவு திறக்காது, ஏறி வெளியே வர அது ஒன்றுதான் வழி. அதற்கு மேல் அவர் எதுவும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது டிராக் விஷயம். இங்கேதான் மிக அதிகமான கடன்பட்டிருக்கிறேன். டிராக் என்றால் நீளமான ரப்பர் பெல்ட்டுகள், அவற்றை இணைக்கும் எஃகுக் குறுக்குச் சட்டங்கள், அவ்வளவுதான். பார்க்கச் சுலபம். பழைய பெல்ட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துணி அடுக்குகள் மக்கிப்போய், துளைகள் நீளவாக்கில் இழுபட்டிருந்தன. புதிய பெல்ட்டுக்கு, தொழிற்சாலைகளில் சரக்கு நகர்த்தப் பயன்படும் கன்வேயர் பெல்ட்டிலிருந்து சரியான அகலத்துக்குக் கீற்றுகள் வெட்டித் தந்த அண்ணனுக்கு நன்றி. மிச்சத் துண்டுதான் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை, இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

துளை போடும் வேலையில்தான் லேத் வைத்திருக்கும் தம்பி என்னைக் காப்பாற்றினார். பல்சக்கரத்தின் பற்களுக்கிடையே உள்ள தூரமும் சட்டங்களுக்கிடையே உள்ள தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு துளையிலிருந்து அடுத்த துளையை அளந்துகொண்டே போனால், ஒவ்வொரு அளவிலும் அரை மில்லிமீட்டர் தவறு வந்தாலும் அது கூடிக்கொண்டே போகும். கடைசியில் சட்டம் பல்லின் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் மேல் ஏறும். ஏறினால் டிராக் கழன்றுவிடும், அல்லது சட்டம் வளையும். தம்பி டேப்பைக் கையில் எடுக்கவே விடவில்லை. எஃகுத் தகட்டில் ஒரு வார்ப்புரு செய்து, முன்பு போட்ட துளைகளில் முளைகளை மாட்டிக்கொண்டு அடுத்ததைப் போடும்படி அமைத்துக் கொடுத்தார். உள் பெல்ட்டுக்கும் வெளிப் பெல்ட்டுக்கும் நீளம் மாறினால் டிராக் ஒரு பக்கமாக இழுக்கும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். வளைந்த சட்டங்களைச் சூடாக்கி நிமிர்த்திய வெல்டிங் அக்காவுக்கும், தரையில் உட்கார்ந்து நட் முடுக்கிய எல்லோருக்கும் நன்றி. யாருக்கு முழங்கால் வலி இன்னும் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

எஞ்சின் கிரைஸ்லரின் ஆறு சிலிண்டர் பிளாட்ஹெட். வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இல்லாமல் அதன் பக்கத்தில் நிற்கும் பழைய வகை. ரொம்ப காலம் சும்மா நின்றதால் இறுகிக் கிடந்தது. ஸ்பார்க் பிளக் துளை வழியாக எண்ணெய் ஊற்றி, அவசரப்படாமல் காத்திருந்து, கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி விடுவித்தோம். ஆனால் அதை உயிரோடு வைத்திருப்பது கியூபெக்கில் இருக்கும் அந்தப் பெரியவர் சொன்ன ஒரு விஷயம். அவர் பிரெஞ்சு மட்டுமே பேசுவார், எனக்கு அது வராது. ஃபோனில் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னவள் என் அக்கா மகள். பள்ளியில் படித்த பிரெஞ்சில் வால்வும் கேஸ்கெட்டும் இல்லை என்று அவள் சிணுங்கினாலும் கடைசிவரை விட்டுப்போகவில்லை.

பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணீர்க் குழாயை வெளியே எடுத்தாயா?" இந்த எஞ்சின் பிளாக்குக்குள் வாட்டர் பம்புக்குப் பின்னால் ஒரு தகட்டுக் குழாய் நீளமாகப் போகிறது. அதில் உள்ள துளைகள் வழியாகத்தான் ஒவ்வொரு வால்வுப் பக்கத்துக்கும் குளிர்ந்த நீர் போகும். அது துருப்பிடித்து அடைத்துக்கொண்டால், முன் சிலிண்டர்களுக்கு மட்டும் நீர் கிடைக்கும், பின்னால் இருப்பவை வெந்துபோகும். வெப்பமானி எதையும் காட்டிக்கொடுக்காது. வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் உள்ளே வால்வு எரியும். எங்கள் குழாய் இழுக்க இழுக்கத் துண்டுதுண்டாகத்தான் வந்தது. கொக்கி செய்து கொடுத்த பக்கத்து வீட்டு ஐயா, அந்த நாள் முழுக்க எதுவும் பேசாமல் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். பித்தளையில் புதுக்குழாய் போட்டாயிற்று. நவீன எஞ்சின் போட்டுவிடு, தொல்லை விட்டது என்று சொன்னவர்களுக்கும் நன்றி, அக்கறையில்தான் சொன்னீர்கள். எனக்கு இந்த எஞ்சினின் சத்தம் வேண்டும்.

வயரிங் வேலை சீக்கிரம் முடிந்தது, அதற்குக் காரணம் ஒருவர்தான். மின்சார வேலை செய்யும் மச்சான் வந்ததும், நான் வாங்கி வைத்திருந்த கேபிளைத் தூக்கி ஓரமாகப் போட்டார். இது 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் இரும்போடு இணையும். அதே ஸ்டார்ட்டர் சுழல 12 வோல்ட்டில் போவதைப்போல் இரண்டு மடங்கு கரன்ட் போக வேண்டும், எனவே கேபிள் தடிமனாக இருக்கத்தான் வேண்டும். பேட்டரி சரியில்லை என்று பலர் தூக்கிப்போடுவது மெல்லிய கேபிளின் குற்றம் என்றார். எர்த் பட்டை படும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்தார். இன்று உறையும் குளிரிலும் ஒரே இழுப்பில் எடுக்கிறது.

உடம்பைப் பற்றி மரவேலை அண்ணனிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார். அடியில் ஊறி உரிந்த பிளைவுட்டை மட்டும் மாற்றினார், மற்றதைத் தொடவிடவில்லை. வெட்டு விளிம்புகளில் எபாக்சிப் பிசின் ஊறவிட்ட பிறகுதான் பொருத்தினார், ஏனென்றால் தண்ணீர் நுழைவது பலகையின் முகத்தில் அல்ல, விளிம்பில். எஞ்சின் வண்டிக்குள்ளேயே பின்னால் இருப்பதால் அதன் மூடியைச் சுற்றி புகை உள்ளே வராதபடி இறுக்கமாக அடைப்புப் பட்டை வைத்ததும் அவர்தான். எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கான எச்சரிக்கைக் கருவியை வாங்கிவந்து, கேட்காமலேயே மாட்டிவிட்டுப் போனது அண்ணி. அவர் ஏறுவதற்கு அதுதான் நிபந்தனையாம்.

வண்டியை இரவல் கேட்கப்போகிறவர்களுக்கு இரண்டு சொல். ஓட்டி முடித்ததும் டிராக்கிலும் சக்கரங்களிலும் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, பலகைமேல் ஏற்றி நிறுத்துங்கள். ஈரத் தரையில் நிறுத்தினால் காலையில் டிராக் தரையோடு உறைந்திருக்கும், அந்த நிலையில் கிளட்ச்சை விட்டால் எது முதலில் உடையும் என்று சொல்ல முடியாது. தார்ச்சாலையில் ஓட்டாதீர்கள், ஸ்கீயும் சட்டங்களும் தேய்ந்துபோகும். கோடையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, டிராக்கைத் தளர்த்தி, வெயில் படாமல் மூட நானே வருவேன்.

லேத் தம்பி, உங்கள் மைக்ரோமீட்டர் என்னிடம்தான் இருக்கிறது, தொலையவில்லை. வார்ப்புருவை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், மீனவரின் மருமகனும் தன் வண்டிக்குக் கேட்டிருக்கிறார். ஏரிப் பனிக்கட்டியின் தடிமனை மறுபடி அளந்த பிறகு எல்லோருக்கும் சொல்லி அனுப்புகிறேன், குடும்பத்தோடு வாருங்கள். காதுக்கு ஏதாவது கொண்டுவாருங்கள், உள்ளே உட்கார்ந்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது.

அன்புடன்,
உங்கள் பி12காரன்