கோவில்பட்டி உறவுகளுக்கு நன்றி மடல்

எங்கள் ஊர்ப் பெரியோர்களுக்கும், அண்ணாச்சிமார்களுக்கும், மதினிமார்களுக்கும், ஹாக்கி மைதானத்துப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

தைப்பொங்கலுக்கு வந்து பத்து நாள்கள் தங்கியிருந்த நாங்கள், புறப்பட்ட அவசரத்தில் பலரிடம் முறையாகச் சொல்லிக்கொள்ளாமலேயே வண்டியேறிவிட்டோம். வெளியூரிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் கோவில்பட்டி என்பது அதுவரை பார்சலில் கடலைமிட்டாய் வந்து சேரும் ஊர், அவ்வளவுதான். களத்திலும் காட்டிலும் அடுப்படியிலும் அந்த ஊரை அவர்களுக்குக் காட்டித் தந்தவர்களுக்கே இந்த மடல்.

காலைப் பயிற்சியை வேடிக்கை பார்க்கத்தான் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் சென்றேன். 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடிய எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேலையும், அரியலூரிலிருந்து வந்து இங்கே பயின்ற கார்த்தி செல்வத்தையும் பற்றி வழியெல்லாம் பெருமையடித்துக்கொண்டே போனேன். அங்கிருந்த பயிற்சியாளர் அண்ணாச்சியோ என் பேச்சைவிட மகளின் கையைத்தான் கவனித்தார். அவள் இடக்கைக்காரி, ஹாக்கியில் இடக்கைக்கென்று தனி மட்டை கிடையாது என்றதும் முகம் வாடிப்போனாள். "மட்டையோட மேல்பிடி இடக்கைதாம்மா, திருப்புறதும் அந்தக் கைதான். நீ பாதி கத்துக்கிட்டுத்தான் வந்திருக்கே" என்று அவர் சொன்ன ஒரு சொல்லுக்காக, மறுநாளிலிருந்து எங்களுக்கு முன்பே எழுந்து நின்றாள். ஆட்டத்துக்கு முன் செயற்கைப் புல்தரைக்குத் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்தபோது எனக்குச் சற்று மனம் பதறியதையும் சொல்லிவிடுகிறேன். குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் குடங்களோடு காத்திருந்து வளர்ந்தவன் நான். பந்து சீராக ஓடவும், விழுகிற பிள்ளையின் தோல் உராய்ந்து புண்ணாகாமலிருக்கவும் அது வேண்டியிருக்கிறது என்று விளக்கிய பிறகே ஆறுதலடைந்தேன்.

இளையரசனேந்தல் சாலையில் தம் பாசிப்பயற்றுக் காட்டுக்கு எங்களை அழைத்துச் சென்ற பெரியம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? வெயில் ஏறினால் முற்றிக் காய்ந்த நெத்துக் காய் வெடித்து மணி சிதறிவிடும் என்று, பனி ஈரம் காயும் முன்பே எல்லோரையும் நிரையில் இறக்கிவிட்டார். பிள்ளைகள் பறித்தது ஒரு மரக்கால்கூட இராது. மிதித்து வீணாக்கிய செடிகள் அதைவிட அதிகம். அதற்காக ஒரு சொல் கடிந்துகொள்ளாமல், வரப்பில் உட்கார வைத்துக் கம்மஞ்சோறும் பச்சை மொச்சைக் குழம்பும் பரிமாறினார். மழையை மட்டுமே நம்பி விதைக்கும் கரிசல் காட்டில் ஒரு செடியின் மதிப்பு என்ன என்பது எனக்குத் தெரியும். பெரியம்மா மன்னிக்க வேண்டும்.

கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பிள்ளைகள் முன்பே படித்திருந்தார்கள். பட்டறைக்குள் எங்களை அனுமதித்த மாஸ்டர், கொதிக்கும் வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து, கல்லில் போட்டு "டிங்" என்று ஓசை கேட்டதும் கடலையைக் கொட்டிக் கிளறினார். அந்தப் பதம் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை, அவர் காதில்தான் இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் தேய்த்து, வண்ணத் தேங்காய்ப்பூவைத் தூவி, கத்தியால் கோடு கீற வேண்டிய அவ்வளவு அவசரத்திலும், என் மகனுக்கு ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவைத் தந்து தூவச் சொன்னார். அவன் ஒரே மூலையில் கொட்டிவிட்டான். அந்தத் துண்டுகளைக் காசு வாங்காமல் எங்களுக்கே கட்டிக் கொடுத்தார்.

கடைசியாக, மகளுக்குத் தன் மட்டையைக் கொடுத்துவிட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு: உன் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, மட்டை எங்கள் பெட்டியோடு வந்துவிட்டது. பிடியில் சிவப்புத் துணி சுற்றிய அந்த மட்டையை இந்த வாரமே பயிற்சியாளர் அண்ணாச்சியிடம் சேர்ப்பிக்கிறோம், வாங்கிக்கொள். கூடவே ஒரு புதுப் பந்தும் வரும்; அது அக்காவின் அன்பளிப்பு.

இப்படிக்கு,
பத்து நாள் விருந்துண்டு திரும்பிய குடும்பத்தார்