அந்தப் பலகையில் இன்னொரு பெயரும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் என் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. முதியோர் உதவித்தொகை நின்றுவிடும், ஓடிபி சொன்னால் சரிசெய்து தருகிறேன் என்று பேசியவன் அப்பாவின் முழுப் பெயர், தெரு, வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னான். நான் பக்கத்தில் இருந்ததால் பணம் தப்பியது. விசாரித்துப் பார்த்தால், இரண்டு வாரம் முன்பே எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் பயனாளிகள் பட்டியல் ஒன்று வந்திருக்கிறது. பெயர், ஆதார் எண், கணக்கு எண், செல்போன் எண் என ஒன்றுகூட மறைக்கப்படாமல். அவன் அதைப் பார்த்துத்தான் பேசினான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தப் பட்டியல் வெளியே வந்ததே தப்பு இல்லையா?

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். பிரிவு எழுத்தர் கம்ப்யூட்டர் அறைக்குப் போகச் சொன்னார், அங்கே இருந்தவர் பட்டியல் மேலிடத்திலிருந்து வந்தது என்றார், கடைசியில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு போன் செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த எண் பெரிய உதவிதான், ஆனால் நான் கேட்டது அது இல்லை. திரும்பும்போது வாசலில் இருந்த பலகையைப் பார்த்தேன். பொதுத் தகவல் அலுவலர் யார், மேல்முறையீட்டு அலுவலர் யார் என்று பெயர், பதவியோடு எழுதியிருக்கிறது. 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் கொடுத்த பலகை அது. அரசின் தகவலை நான் கேட்க ஓர் ஆள் இருக்கிறார், என் தகவல் அரசிடமிருந்து கசிந்தால் கேட்க ஆள் இல்லை. மக்களின் தகவலைக் காக்கும் பொறுப்புள்ள தரவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரின் பெயரும் அந்தப் பலகையில் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

2023-ல் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது, 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன, முக்கியமான கடமைகள் 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் தரவுப் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம் என்பது மத்திய அரசு 'முக்கியமானவை' என்று அறிவிக்கும் அமைப்புகளுக்கு மட்டும்தான். மற்ற அமைப்புகள், மக்களின் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவரின் தொடர்பு விவரத்தைக் கொடுத்தால் போதும். அதே சட்டம், முதலில் அந்த அலுவலகத்திலேயே முறையிட்டுப் பார்த்த பிறகுதான் புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம் என்கிறது. அலுவலகத்தில் கேட்க ஆளே இல்லாவிட்டால் வாரியத்தின் படியை எப்படி மிதிப்பது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல், நீதிப்பணி செய்யும் நீதிமன்றங்கள் தவிர, எல்லாப் பொது அமைப்புகளும் இப்படி ஓர் அலுவலரை வைத்தே ஆக வேண்டும். அவர் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் உத்தரவு போடக் கூடாது, அதற்காக அவரைத் தண்டிக்கவும் கூடாது, அவர் நேராகத் தலைமைக்கே அறிக்கை கொடுப்பார். சின்ன அலுவலகங்கள் பல சேர்ந்து ஒருவரையே வைத்துக்கொள்ளலாம். இது நம் மாவட்டங்களுக்கும் பொருந்தும், தாலுகாவுக்கு ஒரு பதவி புதிதாக உருவாக்க வேண்டியதில்லை.

ஆனால் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவருக்கே இதையும் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிடக் கூடாது. கண்காணிக்கப்பட வேண்டியவரே கண்காணிப்பவராக இருந்தால் என்ன பயன்? பட்டியலில் கணக்கு எண் எதற்கு, அதை யார் யார் இறக்கிக்கொண்டார்கள், ஒப்பந்த ஊழியர் வேலையை விட்டுப் போன பிறகும் அவருடைய பாஸ்வேர்டு ஏன் வேலை செய்கிறது என்றெல்லாம் கேட்கும் அதிகாரம் அந்த அலுவலருக்கு இருக்க வேண்டும். கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு முழு விவரம் போக வேண்டும் என்கின்றன புதிய விதிகள். அதற்கென்று ஒருவர் இல்லாமல் இது நடக்காது.

அப்புறம் ஒரு கவலை. இதே தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் தகவல் பற்றிய பிரிவையும் மாற்றியிருக்கிறது. இனி 'தனிநபர் தகவல்' என்று சொல்லியே எதையும் மறுக்கலாம் என்ற பயம் எனக்கும் உண்டு. உதவித்தொகை யாருக்குப் போகிறது என்று ஊருக்குத் தெரியத்தான் வேண்டும், இல்லாவிட்டால் செத்தவர் பெயரிலும் பணம் எடுப்பார்கள். பெயரையும் தொகையையும் வெளியிடு, ஆதாரையும் கணக்கு எண்ணையும் மறை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் அலுவலகத்திலேயே இருந்தால் இரண்டு உரிமையும் பிழைக்கும்.

மத்திய அரசின் அறிவிப்புக்குக் காத்திருக்காமல், தமிழக அரசு ஓர் அரசாணை மூலம் இந்த அலுவலர்களை நியமிக்கத் தொடங்க வேண்டும். அப்பாவின் கணக்கு எண் இன்னும் அந்த வாட்ஸ்அப் குழுவில்தான் கிடக்கிறது. அதை அழிக்கச் சொல்லி யாரிடம் மனு கொடுப்பது என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி